முன்னாடி போறவர் மெதுவா போறாரா? வேகம் குறைக்கலாமா, டவுன்விண்டை நீட்டலாமா

சின்ன பிளேன்ல இறங்க வர்றப்போ ரன்வேயை ஒட்டி சுத்திப் போற செவ்வகப் பாதைதான் பேட்டர்ன். அதுல ரன்வேக்கு இணையா, இறங்குற திசைக்கு எதிரா போற பக்கம் டவுன்விண்ட், அப்புறம் குறுக்கே திரும்புற பக்கம் பேஸ், ரன்வேயை நோக்கி வர்ற கடைசி பக்கம் ஃபைனல். டவுன்விண்ட்ல 1,000 அடி உயரத்துல 90 நாட்ல (மணிக்கு 90 நாட்டிகல் மைல்) போறீங்க, முன்னாடி இருக்கறவர் 70லதான் போறார்னு வைங்க. 20 நாட்தானேன்னு தோணும், ஆனா அது செகண்டுக்கு பத்து மீட்டர், ஒரு நாட்டிகல் மைல் இடைவெளி மூணே நிமிஷத்துல காலியாயிடும்.

என்னோட முதல் சாய்ஸ் எப்பவும் வேகம் குறைக்கிறதுதான். பவரை இழுத்து, 10 டிகிரி ஃபிளாப் (றெக்கைக்குப் பின்னாடி இறங்குற தட்டு) போட்டு 75க்கு வந்துட்டா நெருங்குறது வெறும் 5 நாட்ல. பேட்டர்ன் ஷேப் மாறாது, பின்னாடி வர்றவருக்கு நம்மள எங்க தேடணும்னு தெரியும், இன்ஜின் நின்னாலும் ரன்வே பக்கத்துலயே இருக்கு. ஆனா ஏற்கனவே போன இடைவெளி இதுல திரும்பி வராது, ஏன்னா மைலுக்கு 40 செகண்ட் ஆனது 48 ஆகும், அவ்ளோதான். அதனால பேட்டர்ன்ல நுழையும்போதே குறைச்சிடணும், கண்ணு முன்னாடி பிளேன் பெருசா தெரிய ஆரம்பிச்சப்புறம் குறைச்சு பெருசா பிரயோஜனம் இல்ல.

அப்போதான் நீட்டுறது கைகொடுக்கும், ஆனா நிறைய பேர் அளவுக்கு மீறி நீட்டிடுறாங்க. பின்காத்து 10 நாட்னா தரைக்கு மேல 100ல போறீங்க, 30 செகண்ட் நீட்டினா 0.83 மைல், அதே தூரத்தை ஃபைனல்ல 65ல எதிர்காத்துல திரும்பி வர 54 செகண்ட், ஆக 30 செகண்ட் நீட்டினதுக்கே 84 செகண்ட் கிடைச்சுடுது! அதுக்கு மேல போனா செஸ்னா 172 மாதிரி பிளேன் 1,000 அடியிலருந்து இன்ஜின் நின்னா, காத்தே இல்லாட்டியும் சுமார் ஒன்றரை மைல்தான் கிளைட் பண்ணும் (மிதந்து இறங்கும்)ங்கறது ஞாபகம் இருக்கணும், பின்னாடி இருக்கறவங்களும் வரிசையா நீட்ட வேண்டி வரும்.

பேஸ் எப்போ திரும்புறது? முன்னாடி போனவர் ஃபைனல்ல எதிர்த்திசையில வந்து நம்ம விங்டிப்பைத் தாண்டினப்புறம்தான். செஸ்னா மாதிரி மேல றெக்கை வச்ச பிளேன்ல திரும்பும்போது அந்தப் பக்க றெக்கை இறங்கி பார்க்க வேண்டிய இடத்தையே மறைச்சிடும், அதனால திரும்பறதுக்கு முன்னாடி றெக்கையை லேசா தூக்கி ஃபைனலை நல்லா பாருங்க. ஒரு தடவை நான் நம்பர் ஒன்னுன்னு (இறங்குற வரிசையில முதல் பிளேன்) நினைச்சு ஃபாலோ பண்ணினது வேற பிளேன், நிஜமான நம்பர் ஒன் தாழ்வா, தரையோட தரையா கலந்து வந்துட்டிருந்தது, வயல் மேல ஓடின நிழலைப் பார்த்துதான் கண்டுபிடிச்சேன்.

ஃபைனல்ல எஸ்-டர்ன் (இடமும் வலமுமா வளைஞ்சு வர்றது) போட்டா சில செகண்ட் கிடைக்கும், அதுவும் உயரம் இருந்தா மட்டும். கன்ட்ரோல் டவர் சொல்லாம டவுன்விண்ட்ல 360 (முழு வட்டம்) அடிக்கறது வேண்டவே வேண்டாம், பின்னாடி வர்றவருக்கு நேர் எதிர்ல போய் நிப்பீங்க. பேஸ்லருந்து ஃபைனலுக்கு செங்குத்தா சாய்ச்சு திரும்பி சமாளிக்கறது அதைவிட மோசம், உயரம் விடாம 45 டிகிரி சாய்ச்சா ஸ்டால் வேகம் (அதுக்குக் கீழ போனா றெக்கை பிளேனைத் தாங்காது) 19 சதவீதம் ஏறும், 60ல 41 சதவீதம், அந்த உயரத்துல ஸ்டால் ஆனா மீட்க இடமே கிடையாது.

இவ்ளோ பண்ணியும் முன்னாடி இறங்கினவர் இன்னும் ரன்வேலயே இருக்காரா, கோ-அரௌண்ட் (இறங்காம திரும்ப மேல ஏறுறது) போயிடுங்க, முழு பவர், ஏற ஆரம்பிச்சதும் ஃபிளாப்பை ஒவ்வொரு படியா எடுங்க, ரன்வேக்குக் கொஞ்சம் பக்கவாட்டுல ஒதுங்கி ஏறினா அவர் உங்க கண்ணு முன்னாடியே இருப்பார்.