11 வருடம், ஒரே பை: ஸ்க்ரபிள் ஆடிப் பார்த்ததில் தெரிந்தது

2014 டிசம்பரில் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு ஸ்க்ரபிள் பெட்டி வாங்கினேன். பையிலிருந்து பார்க்காமல் ஆங்கில எழுத்துக் கட்டைகளை எடுத்து, கையில் ஏழு வைத்துக்கொண்டு, பலகையில் சொல் அமைத்துப் புள்ளி சேர்க்கும் ஆட்டம் அது. சுழலும் பலகை, மரத்தில் செய்த 100 எழுத்துக் கட்டைகள், ஒரு துணிப்பை. அன்றிலிருந்து அநேகமாக எல்லா ஞாயிறு பின்னேரங்களிலும் வெள்ளவத்தை வீட்டில் நானும் சித்தப்பாவும் இரண்டு ஆட்டமாவது ஆடிவிடுவோம். பெட்டி எப்படி உழைத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைவிட அதிகமாகச் சொல்ல இருப்பது அந்தப் பையைப் பற்றி.

பலகைக்குக் குறை சொல்ல இடமில்லை. கட்டங்களுக்கு வரம்பு இருப்பதால், திருப்பும்போது கட்டைகள் நகராது. கடற்கரைக்கு அருகில் வீடு என்பதால் அடியில் இருக்கும் சுழலி இரண்டு தடவை துருப்பிடித்து இறுகியது. தேங்காய் எண்ணெய் விட்டது பிழை, அது பிசினாகிப் போனது. தையல் மெசின் எண்ணெய்தான் சரி. கட்டைகளில்தான் உண்மையான பிரச்சினை வந்தது. மரத்தில் எழுத்தைப் பள்ளமாக வெட்டியிருப்பதால், பழகிய விரலுக்குப் பைக்குள்ளேயே எழுத்து தெரிய ஆரம்பிக்கும். எழுத்தே இல்லாத, எந்த எழுத்தாகவும் பாவிக்கக்கூடிய பிளாங்க் கட்டையை அடையாளம் காண்பது மிகச் சுலபம். போட்டிகளில் பையைக் கண் மட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். அந்த விதி பார்வையைத் தடுக்கும், விரலைத் தடுக்காது. அப்புறம் வீடு மாறியபோது ஒரு ‘ஐ’ தொலைந்தது. தச்சரிடம் கொடுத்துச் செய்வித்த கட்டை ஒரு மயிரிழை தடிப்பாக வந்துவிட்டது, கை வைத்தவுடனே அதுதான் என்று தெரிந்தது. 2019இல் வெளிநாட்டிலிருந்து வந்த மச்சாளிடம் சொல்லி, போட்டிகளில் பாவிக்கிற வழுவழுப்பான பிளாஸ்டிக் கட்டைகள் ஒரு செட் எடுப்பித்தோம். தொடர்ந்து ஆட நினைப்பவர்கள் முதலிலேயே அதை வாங்குங்கள். எடுக்கும் எழுத்து நமக்கே தெரியாமல் வர வேண்டும். அது கெட்டால் மற்ற எல்லாமே கெட்டுவிடும்.

முதல் மூன்று நான்கு வருடங்கள், தோற்ற போதெல்லாம் நான் பையைத்தான் குறை சொன்னேன். “பாருங்கோ சித்தப்பா, எனக்கு மூன்று ‘ஐ’, உங்களுக்கு இரண்டு பிளாங்கும்!” சித்தப்பா ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. “பிள்ளை, வாற எழுத்து உன்ர கையில இல்லை. நீ வைச்சிருக்கிற எழுத்து உன்ர கையிலதானே?” அதன் அர்த்தம் அப்போது எனக்கு விளங்கவில்லை.

2017இலிருந்து ஒரு சீஆர் கொப்பியில் ஒவ்வொரு முறையும் கையில் இருந்த ஏழு எழுத்துகளையும் போட்ட சொல்லையும் எழுதி வந்தோம். 2020 ஊரடங்கில் வேலை இல்லாமல் இருந்தபோது அதை முதலிலிருந்து புரட்டினேன். முதலில் என் துரதிர்ஷ்டத்தின் அளவைக் கணக்குப் போட்டேன். இருவரும் பையிலிருந்து பாதிப் பாதி எடுக்கிறோம் என்று வைத்தால், இரண்டு பிளாங்கும் எதிராளிக்கே போவது நான்கு ஆட்டத்துக்கு ஒன்று. நான்கு ‘எஸ்’ஸும் அவருக்கே போவது 17 ஆட்டத்துக்கு ஒன்று. பையில் 42 உயிரெழுத்துகள் இருந்தும், முதல் ஏழு கட்டைகளில் ஒன்றுகூட உயிரெழுத்து வராமல் போவது 50 ஆட்டத்துக்கு ஒன்று என்ற அளவில் நடக்கும். வாரத்துக்கு இரண்டு ஆட்டம் என்றால், வருடத்துக்கு இரண்டு தடவை அப்படி ஒரு தொடக்கம் எனக்கு வந்தே தீரும். அது சித்தப்பாவுக்கும் வரும். நான் எனக்கு வந்ததை மட்டும் ஞாபகம் வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு தோற்ற ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 17 புள்ளிக்கும் 22 புள்ளிக்கும் இரண்டு சொற்கள் இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு 22ஐப் போட்டிருக்கிறேன். போட்டுவிட்டுக் கையில் மிஞ்சியது ‘வி’யும் இரண்டு ‘யூ’வும். 17ஐப் போட்டிருந்தால் ‘ஈ’, ‘ஆர்’, ‘எஸ்’ மிஞ்சியிருக்கும். ஏழு கட்டைகளையும் ஒரே தடவையில் இறக்கினால் மேலதிகமாக 50 புள்ளி கிடைக்கும் ஆட்டத்தில், ஐந்து புள்ளிக்காக அந்த மூன்றையும் விற்றிருக்கிறேன். அடுத்த கை மோசமாக வந்ததும் பையைத் திட்டியிருக்கிறேன். உதாரணத்துக்கு, ‘ரெட்டினா’ என்ற சொல்லின் ஆறு எழுத்துகளும் கையில் இருந்தால், அடுத்து வரும் கட்டை ‘எஸ்’ஸாக இருந்தாலே ஐந்துக்கு மேற்பட்ட ஏழெழுத்துச் சொற்கள் கிடைக்கும். வேறு பல எழுத்துகளோடும் அது சேரும். அப்படி ஒரு கையை வைத்திருப்பவருக்கு அதிர்ஷ்டம் வர வழிகள் அதிகம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது வெறும் அதிர்ஷ்டமாகத்தான் தெரியும்.

கட்டை மாற்றுவதிலும் எனக்கு இதே பிழை. பையில் ஏழோ அதற்கு மேலோ இருந்தால், ஒரு முறையை விட்டுக்கொடுத்து வேண்டாத கட்டைகளை மாற்றலாம். சுழியம் எழுதுவது தோல்வியை ஒப்புக்கொள்வது போல எனக்குப் பட்டது. எட்டுப் புள்ளிச் சொல்லைப் போட்டுக்கொண்டு மூன்று முறை இழுபடுவேன். இப்போது தயங்காமல் மாற்றுகிறேன். என் ஆட்டம் மாறியதற்கு நான் படித்த சொற்களைவிட இந்த ஒன்றுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

சொற்கள் தேவையில்லை என்று சொல்லவில்லை. முதலில் இரண்டெழுத்துச் சொற்களைப் படியுங்கள். போட்டிகளில் ஏற்கும் சொற்களைத் தரும் காலின்ஸ் பட்டியலில் அவை நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. ‘கியூ’வும் ‘ஐ’யும் சேர்ந்த சொல் சீன மரபில் உயிராற்றலைக் குறிப்பது. எழுத்தின் புள்ளியை மூன்று மடங்காக்கும் கட்டத்தில் பத்துப் புள்ளி ‘கியூ’வை வைத்து, ஒரு புள்ளி ‘ஐ’யோடு, குறுக்கும் நெடுக்குமாக அந்தச் சொல்லை இரண்டு தடவை அமைத்தால் 62 புள்ளி. அதைத் தெரியாதவருக்கு ‘கியூ’ ஒரு சாபம், தெரிந்தவருக்கு வரம்.

நம் சொற்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அணைக்கட்டிலிருந்து போன ‘அனிகட்’, கயிற்றிலிருந்து போன ‘கொயர்’, கஞ்சியிலிருந்து போன ‘கொஞ்சி’. ஒருநாள் நான் அனிகட் போட்டபோது, அப்படி ஒரு சொல் இல்லை என்று சித்தப்பா சலஞ்ச் பண்ணினார். அகராதியில் அதைக் கண்டதும் புள்ளி போனதை மறந்துவிட்டு, குளங்களைப் பற்றி அரை மணித்தியாலம் பேசினார். 247 எழுத்துள்ள தமிழுக்கு இப்படி ஒரு பையை எப்படி நிரப்புவது என்றும் அடிக்கடி யோசிப்போம். உயிரையும் மெய்யையும் தனித்தனிக் கட்டையாக வைத்து, பலகையில் சேர்க்க வேண்டும் என்பது அவருடைய யோசனை. யாராவது நன்றாகச் செய்து தந்தால் முதல் ஆளாக வாங்குவேன்.

இந்த ஆட்டத்தில் அதிர்ஷ்டத்தைக்கூட ஒருவர் அளந்துதான் வைத்திருக்கிறார். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலை இழந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ்தான் இதை உருவாக்கியவர். அவர் பத்திரிகைப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை வைத்தார். ‘ஈ’ 12, ‘எஸ்’ வெறும் 4. பன்மை போட்டே எல்லோரும் புள்ளி எடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் ‘எஸ்’ஸைக் குறைத்தார்.

நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் ஐந்து தடவை உலகப் பட்டம் வென்றிருக்கிறார். பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015இல் பிரெஞ்சு ஸ்க்ரபிள் பட்டத்தையும் எடுத்தார். ஐந்து தடவையும் பை தற்செயலாக அவர் பக்கம் சாய்ந்திருக்க முடியாது. ஆனால் அவரும் தனி ஆட்டங்களில் தோற்கிறார். அதனால்தான் பெரிய போட்டிகளில் ஒரே ஆட்டத்தில் முடிவு சொல்லாமல் பல சுற்றுகள் ஆடவைக்கிறார்கள். ஓர் ஆட்டத்தை வைத்து யாரையும் கெட்டிக்காரர் என்றோ இல்லை என்றோ சொல்லக் கூடாது. இதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல வருடங்கள் பிடித்தன.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாத நாட்களிலும் ஆடினோம். ஜன்னலைத் திறந்து, சார்ஜ் லைட்டைப் பலகைக்கு மேலே கட்டி, தேத்தண்ணியைக்கூட மறந்து ஆடினோம். வெளியே எதுவும் நம் கையில் இல்லாத காலம் அது. கையில் இருக்கும் ஏழில் எதை வைப்பது, எதை விடுவது என்றாவது நாங்கள் தீர்மானிக்க முடிந்தது. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அந்த நாட்களில்தான், எல்லா எழுத்துகளையும் ஒரு தாளில் எழுதி வைத்து, பலகைக்கு வந்தவற்றைப் பேனையால் வெட்டிக்கொண்டு போகப் பழகினேன். கடைசிக்கு வரும்போது பையில் என்ன இருக்கிறது, எதிராளியிடம் என்ன இருக்கிறது என்பது கிட்டத்தட்ட தெரிந்துவிடும். அங்கே அதிர்ஷ்டம் மெலிந்து போகும், ஆனால் முழுதாகப் போகாது.

போன மாதம் ஓர் ஆட்டம். பையில் ஒரே ஒரு கட்டை மீதி, சித்தப்பாவிடம் ஏழு. தாளில் வெட்டப்படாமல் இருந்த எட்டு எழுத்துகளில் ‘இசட்’டும் ஒன்று. எட்டுக்கு ஏழு பங்கு அது அவரிடம்தான் இருக்க வேண்டும். அது விழக்கூடிய ஒரே நல்ல இடத்தை நான் அடைத்தேன். அடைத்துவிட்டுப் பைக்குள் கை விட்டேன். வந்தது அந்த ‘இசட்’. வைக்க எங்கும் இடமில்லை. சித்தப்பா தன் கட்டைகளை முடித்ததும், ‘இசட்’டின் பத்துப் புள்ளி என்னிடமிருந்து கழிந்து, பத்து அவருக்குச் சேர்ந்தது. 11 புள்ளியில் தோற்றேன்.

கட்டைகளைப் பைக்குள் கொட்டாமல் அப்படியே வைத்துவிட்டு, சித்தப்பா என் தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நானும் அங்கதான் அடைச்சிருப்பன், பிள்ளை” என்றார். பிறகு கொப்பியில் என் கடைசிச் சொல்லுக்குப் பக்கத்தில், பள்ளிக்கூடத்தில் போடுவதைப் போல, சிவப்புப் பேனையால் ஒரு சரி போட்டார்.