வீட்டுக்கே வரும் நாய்ப் பயிற்சியாளர், திருநகர், மதுரை

எங்கள் ராட்வீலருக்காக இவரை அழைத்தோம். ஒன்றரை வயது, 45 கிலோ. சாப்பாட்டுத் தட்டுப் பக்கம் யார் போனாலும் உறுமத் தொடங்கியிருந்தது. ‘உட்கார், கை கொடு’ என்று பழக்க ஆள் தேடுபவர்களுக்கு இவர் சரிப்பட மாட்டார். வந்ததும் இவர் பார்த்தது வீட்டைத்தான். சங்கிலி எங்கே கட்டியிருக்கிறது, சாப்பாடு எங்கே வைக்கிறோம், இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் எந்த வழியாக ஓடுவாள், எல்லாம் கேட்டார்.

அப்பா கம்பம் பக்கத்துக்காரர், கோம்பை நாய்களோடு வளர்ந்தவர். “தம்பி, இந்த ஜாதி கடிக்குமா, கடிக்காதா?” என்றார். “ஐயா, எந்த நாயும் கடிக்கும். இது கடித்தால் சதை பிய்ந்து வரும், அதுதான் வித்தியாசம்” என்று பதில் வந்தது. இவ்வளவு நேர்மையாக யாரும் எங்களிடம் சொன்னதில்லை. குட்டி விற்றவர், “குழந்தை மாதிரி இருக்கும் சார்” என்றுதான் சொன்னார்.

2024 மார்ச்சில் மத்திய அரசு ராட்வீலர், பிட்புல் உட்பட 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மே மாதம் சென்னையில் ஒரு பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறின. இனம் மட்டும் காரணமில்லை என்பது உண்மை. அமெரிக்காவில் 2000 முதல் 2009 வரை நாய்க்கடியில் இறந்த 256 பேரை ஆராய்ந்தபோது, 87 சதவீத சம்பவங்களில் தடுக்கக்கூடிய ஆள் பக்கத்தில் இல்லை. 84 சதவீதத்தில் நாய்க்குக் கருத்தடை செய்திருக்கவில்லை. ஆனால் இதைச் சொல்லிக்கொண்டு 45 கிலோ நாயையும் ஐந்து கிலோ நாயையும் ஒன்றாக வைத்துப் பேசுபவர்களை நான் நம்புவதில்லை.

கடிக்காமலிருக்க நாயின் முகத்தில் மாட்டும் வாய்மூடியைப் போட்டுக்கொள்ள அதைப் பழக்கியதுதான் இவருடைய சிறந்த வேலை. வாயை இறுக்கும் துணி வகையைத் தொடவே கூடாது என்றார். மதுரை வெயிலில் வாய் திறந்து இரைக்க முடியாவிட்டால் நாய் செத்துப்போகும். கூடை வகை வாங்கி, உள்ளே வேகவைத்த கோழித் துண்டு வைத்து, நாய் தானாக மூக்கை நுழைக்கும்வரை பட்டையை மாட்டவே விடவில்லை. அப்புறம், உறுமினால் அடிக்காதீர்கள் என்றார். அது எச்சரிக்கை. அடித்து நிறுத்தினால் அடுத்த முறை சத்தமே இல்லாமல் கடிக்கும். இப்போது சாப்பாடு மொட்டை மாடியில், கதவைச் சாத்திக்கொண்டு. பெரியவர்கள் இல்லாமல் மகளும் நாயும் ஒரே அறையில் இருப்பதில்லை.

குறையும் உண்டு. எதையும் எழுதித் தர மாட்டார். கடித்துவிட்டால் என்ன செய்வது என்று நாங்கள் கேட்ட பிறகுதான் சொன்னார்: சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும் நேராகப் பெரியாஸ்பத்திரி. இதை முதல் நாளே சொல்ல வேண்டும்.

ஒரு முறை வர 800 ரூபாய். குட்டி வாங்கும் முன்பே அழைத்தாலும் வந்து வீட்டைப் பார்த்துச் சொல்வார், அதற்கும் அதே கட்டணம்தான். ராட்வீலர் யோசனையில் இருப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்குள் அழைத்துவிடுங்கள்.