பேர்கன் இசை விழா: எந்த மண்டபத்துக்கு ரிக்கற் எடுப்பது?

ஒஸ்லோவில் இருக்கிற எங்கள் ஆட்கள் பேர்கனுக்குப் போவது இரண்டு காரணத்துக்கு. ஒன்று, கலியாண வீடு. மற்றது, ஊரிலிருந்து வந்திருக்கும் தாய் தகப்பனுக்கு மலையும் கடலும் காட்டுவது. அப்பாவை ரயிலேற்றியபோது நானும் மலையையும் கடலையும்தான் சொன்னேன். நாளைத் தெரிந்தெடுத்தது மட்டும் விழாவைப் பார்த்து.

மே மாதக் கடைசிப் பகுதியில் தொடங்கி ஏறக்குறைய இரண்டு கிழமைக்கு அந்த ஊரில் மண்டபம், தேவாலயம், சந்தைவெளி, பழைய வீடு எதுவும் சும்மா கிடக்காது. 'ஃபெஸ்ட்ஸ்பில்லன' என்று நோர்வேக்காரர் சொல்லும் பேர்கன் சர்வதேச விழா 1953இல் தொடங்கியது. அதற்கு வெகுமுன்பே, 1898இல், நோர்வேயின் பேர்பெற்ற இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக் அங்கே ஒரு இசை விழா நடத்தியிருக்கிறார். வாசிக்க ஆம்ஸ்டர்டாமிலிருந்து கொன்சேர்ட்ஹெபவ் வாத்தியக்குழுவையே கூப்பிட்டார். நோர்வே விழாவுக்கு நோர்வேக்காரர் போதாதா என்று அப்போது பெரிய சண்டை. கோயில் திருவிழாவுக்கு எந்த ஊர் மேளம் பிடிப்பது என்று எங்கள் ஊர்களில் நடக்கிற சண்டைதான், வேறொன்றுமில்லை.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விமர்சனத்தில் பாதி அவருடையது. இணுவிலில் பிறந்தவர். தட்சிணாமூர்த்தியின் தவிலைக் கோயில் வீதி மணலில் இருந்து விடியவிடியக் கேட்டு வளர்ந்தவர். ஐரோப்பிய சங்கீதம் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ அவருக்கு எந்த அபிப்பிராயமும் கிடையாது. கச்சேரிக்குக் கூட்டிப் போக இப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும்.

விழாவின் நிகழ்ச்சி நிரலைத் திறந்தால் தலை சுற்றும். முன்பின் கேள்விப்படாத பெயர்கள், நாளுக்குப் பல நிகழ்ச்சிகள். என்னுடைய யோசனை இதுதான்: யார் வாசிக்கிறார் என்று பார்க்க வேண்டாம், எங்கே வாசிக்கிறார் என்று பாருங்கள். விழாவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் தேர்ந்த கலைஞர்கள்தான். ஒரு மாலைக்கும் இன்னொரு மாலைக்கும் உள்ள வித்தியாசத்தை மண்டபம்தான் செய்கிறது.

நகரின் நடுவில் இருப்பது கிரீக்ஹாலன். 1978இல் திறந்தது. மேலிருந்து பார்த்தால் பெரிய பியானோ வடிவம் என்பார்கள். கீழே நின்று பார்க்கிற எங்களுக்கு அது கொங்கிறீற்றும் கண்ணாடியுமான பெரிய கட்டடம். சுமார் 1,500 பேர் இருக்கலாம். பேர்கன் பில்ஹார்மொனிக்கின் வீடு இதுதான். 1765இல் தொடங்கிய வாத்தியக்குழு அது, உலகத்திலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. கிரீக்கும் 1880 முதல் 1882 வரை அதை நடத்தியிருக்கிறார். முழு வாத்தியக்குழுவை ஒரு தடவையாவது நேரில் கேட்க விரும்புகிறவர்கள் இங்கேதான் போக வேண்டும். வயலின்காரர் அத்தனை பேரின் வில்லும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதை அப்பா வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் அவர் கேட்டது ஒன்றுதான்: "பிள்ளை, இந்தச் சனம் ஏன் ஒருத்தரும் தலையாட்டேல்லை?" ஒரு பாகம் முடிந்து அடுத்தது தொடங்குமுன் கைதட்டக் கூடாது என்பதை முதலே சொல்லிக் கூட்டிப் போங்கள். முடிந்துவிட்டதா என்று சந்தேகம் வந்தால், பக்கத்தில் இருப்பவர் தட்டும்வரை பொறுங்கள்.

ஆனால் ஒரே ஒரு ரிக்கற்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் கிரீக்ஹாலனை விட்டுவிட்டுத் துரோல்ஹவுகனுக்குப் போங்கள்.

நகருக்கு வெளியே, நூர்டோஸ் ஏரிக்கரையில், கிரீக்கும் மனைவி நீனாவும் 1885இல் கட்டிக் குடியேறிய வீடு அது. 1928இலிருந்து நினைவில்லம். வீட்டுக்குள்ளே 1892இல் அவர்களது திருமண வெள்ளிவிழாவுக்குப் பரிசாக வந்த ஸ்டைன்வே பியானோ நிற்கிறது. தோட்டத்தில் கிரீக்கின் ஆளுயரச் சிலை. ஆள் சரியான கட்டை. அப்பா பக்கத்தில் நின்று அளந்து பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார். கீழே தண்ணீரை ஒட்டினாற்போல சின்னக் குடில் ஒன்று. வீட்டில் ஆள் நடமாட்டம் கூடிப்போனதால் இசை எழுதுவதற்கென்று 1891இல் கட்டியது. ஒரு மேசை, ஒரு பியானோ, ஒரு சாய்வு இருக்கை, ஏரியைப் பார்த்த யன்னல், அவ்வளவுதான். கதிரை உயரம் போதாமல் பேத்தோவனின் சொனாட்டாத் தொகுப்பை அடியில் வைத்துக்கொண்டு இருப்பாராம். இந்தக் கதையை வழிகாட்டி சொன்னதும் வந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. புத்தகத்துக்கு மேல் இருக்கலாமா என்பதுதான் அவருடைய கேள்வி. வித்தை படித்த வீட்டில் வளர்ந்தவர் அப்படித்தான் கேட்பார்.

கச்சேரி நடக்கிற மண்டபம் துரோல்சாலன். 1985இல் கட்டியது, 200 இருக்கை. கூரையில் புல் வளர்த்துச் சரிவுக்குள் மறைத்துக் கட்டியிருக்கிறார்கள். கிரீக்கின் வீட்டருகே நிற்பவர் கண்ணில் படாது. உள்ளே போனால் படிகளாக இறங்கும் இருக்கைகள், அடியில் பியானோ, பியானோவுக்குப் பின்னால் சுவரே இல்லை. முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் மரங்களுக்கு நடுவே அந்தக் குடிலும் அதற்குப் பின்னே ஏரியும். அதாவது, இசையை எழுதிய இடத்தைப் பார்த்தபடியே அந்த இசையைக் கேட்கிறீர்கள். கோடையில் இங்கே மதியக் கச்சேரி நடக்கும், அரை மணித்தியாலம். விழா நாட்களில் மாலைக் கச்சேரிகளும் உண்டு.

நாங்கள் போனது மதியத்தில். மெல்லிய மழை. பியானோ வாசித்த பெண் முதலில் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை கதைத்துவிட்டு அமர்ந்தார். கடைசியாக வந்தது 'துரோல்ஹவுகனில் திருமண நாள்'. வெள்ளிவிழாவின் நினைவாக 1896இல் கிரீக் எழுதியது. தூரத்தில் கேட்கிற ஊர்வலம்போலத் தொடங்கி, கிட்ட வந்து, வாசலை நிறைத்து, நடுவில் அடங்கிப் பழைய நாளை யோசிக்கிற மாதிரி ஒரு பகுதி, பிறகு மறுபடி ஊர்வலம். எதைப் பற்றியது என்று நான் அப்பாவுக்குச் சொல்லவில்லை. முடிந்ததும் அவராகவே சொன்னார்: "மாப்பிள்ளை வீட்டுக்காரர் வாற மாதிரிக் கிடக்கு."

அரை மணித்தியாலம் போதாதே என்று சிலர் குறைப்படலாம். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கும், இதற்குப் பழக்கமில்லாத வயதானவர்களுக்கும் அந்த அளவு சரி. உண்மையான குறை பாதையில் இருக்கிறது. நகரிலிருந்து 2010இல் ஓடத் தொடங்கிய பீபானன் என்கிற இலகு ரயிலில் ஹோப் தரிப்பில் இறங்கினால், அங்கிருந்து ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர் நடக்க வேண்டும். முழங்கால் நோவுள்ளவர்களுக்கு அது சிரமம். குடிலுக்கு இறங்கும் படிகள் வேறு மழையில் வழுக்கும். பெரியவர்களோடு போனால் கச்சேரியோடு சேர்த்துப் பேருந்தும் தரும் சுற்றுலா ரிக்கற்றைப் பாருங்கள், இல்லாவிட்டால் வாடகைக் கார் பிடியுங்கள். கிரீக்கினதும் நீனாவினதும் சாம்பலை ஏரிக்கரைப் பாறை முகத்தில் குடைந்து வைத்திருக்கிறார்கள். அதற்கும் இறங்கித்தான் போக வேண்டும். அப்பா மேலே இருந்துவிட்டார், நான் மட்டும் போய்வந்தேன்.

இரண்டாவது ரிக்கற்றுக்குக் காசிருந்தால் ஹோகன் மண்டபம். துறைமுக வாயில் கோட்டைக்குள் நிற்கும் கல் மண்டபம். மன்னர் ஹோகன் ஹோகன்சன் கட்டியது. 1261இல் அவருடைய மகன் மக்னுசின் கலியாணம் இங்கேதான் நடந்தது. இரண்டாம் உலகப் போரில், 1944 ஏப்ரல் 20, துறைமுகத்தில் நின்ற வெடிமருந்துக் கப்பல் ஒன்று வெடித்ததில் கூரை போய் சுவர்கள்தான் மிஞ்சின. பிறகு திருத்திக் கட்டியதைத்தான் இன்றைக்குப் பார்க்கிறோம். கல்லில் பட்டு ஒலி நெடுநேரம் நிற்கும். அதனால் வேகமான, பலர் சேர்ந்து வாசிக்கிற இசைக்கு இது தோதான இடமில்லை என்பது என் எண்ணம். தனிக் குரல், தனி வயலின் என்றால் விடாதீர்கள்.

நாங்கள் கேட்டது ஹார்டாங்கர் வயலின். சாதாரண வயலினைப் போலத்தான் இருக்கும். ஆனால் வில் படுகிற நாலு தந்திகளுக்குக் கீழே இன்னும் சில தந்திகள் ஓடும். அவற்றை யாரும் தொடுவதில்லை. மேலே வாசிக்க வாசிக்க அவை தாமாக அதிர்ந்து ரீங்காரம் போடும். சுருதிப்பெட்டியை வாத்தியத்துக்குள்ளேயே வைத்துக் கட்டிய மாதிரி. வாசித்தவர் காலால் தரையை உதைத்துத் தாளம் போட்டார். அப்பாவின் விரல் தன்பாட்டில் எண்ணத் தொடங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் முகம் சுருங்கியது. "மூண்டுதான். ஆனால் ஒண்டு நீளுது, ஒண்டு குறுகுது. வேணுமெண்டே செய்யிறானோ?" வேண்டுமென்றேதான். ஸ்ப்ரிங்கார் என்கிற நடனத்துக்கு வாசிக்கும்போது சில பகுதிகளில் மூன்று அடியும் ஒரே நீளமாக இராது. இதைச் சொன்னதும் கதிரை நுனிக்கு வந்துவிட்டார். கிரீக்ஹாலனில் வராத தலையாட்டல் இங்கே வந்தது. கம்பளிச் சட்டை கொண்டு போங்கள், கல் குளிரும்.

நாடகத்தை நான் சுருக்கமாகவே சொல்வேன். 1850இல் வயலின் வித்துவான் ஊலே புல் தொடங்கிய அரங்கின் வழி வந்தது இன்றைய டென் நாஷனால சேன. நாடகாசிரியர் இப்சன் 1851இலிருந்து 1857வரை அங்கே வேலை செய்து தொழில் பழகினார். இப்போதுள்ள கட்டடம் 1909இல் திறந்தது, வடிவான கட்டடம். நோர்வே மொழி விளங்காதவர்கள் வெளியே நின்று பார்த்தால் போதும். நடன நிகழ்ச்சி இருந்தால் மட்டும் உள்ளே போகலாம்.

இளம் ஆட்களுக்கு நத்ஜாஸ். அதே நாட்களில், வெர்ஃப்தெ என்கிற பழைய மத்தி மீன் தொழிற்சாலையில் நடக்கும் ஜாஸ் விழா. ஒரு மேடை பிடிக்காவிட்டால் அடுத்த மேடைக்கு நடக்கலாம். கடல் பக்கம் போய் நிற்கலாம், இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். என் தம்பி மகனை அனுப்பினேன், விடியப்புறம்தான் வந்தான். அவனுடைய விமர்சனம் அதுதான்.

காசில்லாமல் பார்க்கக்கூடியவையும் உண்டு. தொடக்க நாளில் நடுச் சதுக்கத்தில் வெளியரங்க நிகழ்ச்சி நடக்கும், அரச குடும்பத்தவர் வருவது வழக்கம். அதைவிட எனக்குப் பிடித்தது தெருவில் தற்செயலாக எதிர்ப்படும் பூயகோர்ப்ஸ். சீருடை போட்ட சிறுவர் அணிகள் முரசடித்துக்கொண்டு நடக்கும். ஒரு குறிச்சிக்கு ஒரு அணி, பேர்கனுக்கே உரியது, 19ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. 1990களிலிருந்து பெண்பிள்ளைகளின் அணிகளும் உண்டு. இது விழாவின் பகுதி அல்ல, இளவேனிலில் அந்த ஊர் அப்படித்தான். அப்பா நின்று முழுதாகக் கேட்டுவிட்டு, "அடி சுத்தம். ஒரு தனி ஆவர்த்தனம்தான் இல்லை" என்றார். தவில்காரர் ஊரிலிருந்து வந்தவர் வாயால் 'சுத்தம்' என்ற சொல் லேசில் வராது.

இடையில் ஓய்வுக்கு புளோய்பானன். 1918இலிருந்து மலையேறும் கம்பிவட ரயில், சில நிமிடத்தில் 320 மீற்றர் உயரத்துக்குக் கொண்டுபோகும். உல்லாசக் கப்பல் வந்து நிற்கிற நாளில் வரிசை நீளும். காலையில் ஆரம்பத்திலோ, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகோ போங்கள்.

சாப்பாடு விலை கூட. துறைமுகத்தை ஒட்டிய கடை ஒன்றில் குடித்த மீன் சூப் ருசியில் பிழையில்லை, விலையைத்தான் அப்பாவுக்கு ரூபாயில் மாற்றிச் சொல்லவில்லை. கறுவா போட்ட ஷில்லிங்ஸ்போல்ல என்கிற பணிஸ் மலிவு, கோப்பியோடு பசி தாங்கும். எங்களுக்குப் பேர்கனில் பெரியம்மா வீடு இருந்ததால் தப்பினோம். அந்த ஊர் இறாலும் மீனும் போட்டு அவர் காய்ச்சிய ஒடியற்கூழுக்கு நட்சத்திரம் கொடுக்கச் சொன்னால் ஐந்தும் கொடுப்பேன்.

தங்குமிடத்தை முதலில் பிடியுங்கள், விழா நாளில் அறைகள் கெதியில் முடிந்துவிடும். அடுத்தது துரோல்சாலன், 200 இருக்கை என்பதால். கிரீக்ஹாலனுக்குக் கடைசியில் எடுத்தாலும் ஏதாவதொரு மூலையில் இடம் கிடைக்கும். ஒஸ்லோவிலிருந்து ரயிலில் ஏழு மணித்தியாலம் வரும். விமானம் வேகம்தான், ஆனால் 1,222 மீற்றர் உயரத்தில் ஃபின்ச தரிப்பில் மே முடிவிலும் கிடக்கிற பனியை விமானத்திலிருந்து காலால் மிதிக்க முடியாது. மே மாதம் பேர்கனுக்கு மழை குறைந்த காலம் என்பார்கள். அந்த ஊர்க் கணக்கில் குறைவு. மடக்குக் குடை காற்றுக்கு நிற்காது, தொப்பி வைத்த மழைச்சட்டை வாங்குங்கள்.