ஆக்ஸ்போர்டு புக்வோர்ம்ஸ்: வகுப்பில் ஆங்கில நாவல் நடத்த எந்த நிலை?

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் உயர்நிலைப் பள்ளி மாணவரிடம் டிக்கன்ஸின் மூல நாவலைக் கொடுத்தால், முதல் பக்கம் முழுக்க பென்சில் கோடு விழும், இரண்டாம் பக்கத்தில் அகராதி திறக்கும், மூன்றாம் பக்கம் புரட்டப்படவே மாட்டாது. இதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது. நாவலில் நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்திருக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைப்பவையும் சேர்ந்து ஒரு குடும்பம்) தேவை என்று 2006-இல் மொழியியலாளர் பால் நேஷன் கணக்கிட்டார். பள்ளிக் குழந்தைகள் பலர் அதில் கால்வாசியைக்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள். இந்தப் பள்ளத்தை நிரப்ப, கதைகளை எளிய ஆங்கிலத்தில் நிலை நிலையாகத் தரும் தொடர்கள் வந்தன. அவற்றில் முக்கியமானது ஆக்ஸ்போர்டு புக்வோர்ம்ஸ் லைப்ரரி.

தொடரின் பலம் அதன் ஏணி. தொடக்க நிலையில் 250 தலைச்சொற்கள், அதாவது அகராதியில் தலைப்பாக வரும் அடிப்படைச் சொற்கள். அதற்கு மேல் ஒன்றாம் நிலை முதல் ஆறாம் நிலை வரை முறையே 400, 700, 1,000, 1,400, 1,800, 2,500. இலக்கணமும் இதேபோல் படிப்படியாக ஏறுகிறது. தனியாக உட்கார்ந்து படிக்க எந்த நிலையும் சரிதான். முழு வகுப்பும் சேர்ந்து ஒரே நாவலைப் படிக்க வேண்டுமென்றால் மூன்றும் நான்கும்தான் வேலைக்கு ஆகும். ஒன்றிலும் இரண்டிலும் கதை இருக்கிறது, ஆனால் பேச விஷயம் கிடைப்பதில்லை. கதாபாத்திரம் ஏன் தயங்கியது, ஏன் பொய் சொன்னது என்று கேட்க அந்த வாக்கியங்கள் இடம் தருவதில்லை. ஐந்திலும் ஆறிலும் வாக்கியங்கள் நன்றாக இருக்கும், வகுப்பில் பாதிப் பேர் பின்தங்குவார்கள்.

நிலையைத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து முடிவு செய்யக் கூடாது. புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லி, தெரியாத சொற்களுக்கு விரல் மடக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் சுமார் 230 சொற்கள் இருந்தால் நான்கைந்து விரல் வரை பரவாயில்லை. பத்தைத் தாண்டினால் அது வாசிப்பாக இருக்காது, சொல் தோண்டும் வேலையாகிவிடும். ஐயம் வந்தால் ஒரு நிலை கீழே இறங்குங்கள். எளிய புத்தகத்தை வேகமாக முடித்த வகுப்பு அடுத்ததைக் கேட்கும், கடினமானதில் சிக்கிய வகுப்பு எதையும் கேட்காது.

மூன்றாம் நிலைப் புத்தகம் ஏறத்தாழ 10,000 சொற்கள். நிமிடத்துக்கு 100 சொல் என்ற மெதுவான வேகத்திலும் மொத்த வாசிப்பு நேரம் 100 நிமிடம்தான். ஒரு பீரியடில் 20 நிமிடம் மௌன வாசிப்பு, மீதி நேரம் பேச்சு என்று வைத்தால் ஐந்து அமர்வில் நாவல் முடிந்துவிடும். ஆனால் பெரும்பாலான வகுப்புகளில் அதை ஒரு பருவம் முழுக்க இழுத்தடிக்கிறார்கள், வாரம் ஒரு அத்தியாயம், ஒவ்வொரு வரிக்கும் உரை என்று. மூன்றாவது வாரத்தில் முதல் அத்தியாயத்தின் ஆட்கள் பெயரே மறந்துபோயிருக்கும். மாணவர்கள் மாறி மாறிச் சத்தமாகப் படிப்பதும் இதே வகைக் கோளாறு: ஒருவர் உச்சரிப்போடு மல்லாடும்போது மற்ற எல்லாரும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். காதால் கேட்க வேண்டுமென்றால் தொடரின் ஒலிப்பதிவை முதல் அத்தியாயத்துக்கு மட்டும் போட்டு, கண்ணால் கூடவே வரச் செய்யலாம். அயல் பெயர்களின் உச்சரிப்பு அதிலேயே தீர்ந்துவிடும்.

தலைச்சொல் எண்ணிக்கையை அப்படியே நம்பிவிடவும் கூடாது. ‘புட்’, ‘அப்’, ‘வித்’ மூன்றும் தனித்தனியே எளிய சொற்கள். சேர்ந்து வந்தால் ‘சகித்துக்கொள்’ என்று பொருள், அதை எந்தப் பட்டியலும் எச்சரிக்காது. தெரிந்த சொல் என்று நினைத்துக் கடந்துபோவதால், தெரியாத சொல்லைவிட இதுதான் அதிகம் தடுக்கிவிடும். கடைசிப் பக்கங்களில் உள்ள சொற்பொருள் பட்டியலும் உதவி குறைவு, புரட்டிப் புரட்டிக் கதை அறுந்துபோகும். அந்த அமர்வுக்கு வேண்டிய பத்துப் பன்னிரண்டு சொற்களை, இத்தகைய கூட்டு வினைகளையும் சேர்த்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் புத்தகக்குறியாகக் கொடுங்கள்.

இன்னொரு குறை கொஞ்சம் நுட்பமானது. இலக்கணப் பட்டியலின்படி செயப்பாட்டு வினை நான்காம் நிலையில்தான் நுழைகிறது. செய்தவரை மறைத்துச் சொல்ல ஆங்கிலத்துக்குள்ள கைவந்த உத்தி அதுதான். ‘கதவு திறக்கப்பட்டிருந்தது’ என்று எழுத முடியாத இடத்தில் ‘யாரோ கதவைத் திறந்திருந்தார்’ என்றுதான் எழுத வேண்டும். மர்மக் கதையில் இந்த ‘யாரோ’ திரும்பத் திரும்ப வந்து சப்பென்று ஆகிவிடுகிறது. மர்மக் கதைதான் வேண்டும் என்றால் நான்காம் நிலைக்குக் கீழே போகாதீர்கள்.

எளிமைப்படுத்தலில் முதலில் போவது கதைசொல்லியின் குரல். டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ மூலத்தில், வளர்ந்துவிட்ட நாயகன் பிப், சிறுவனாக இருந்த தன்னையே லேசாகக் கிண்டலடித்துக்கொண்டே கதை சொல்கிறான். ஐந்தாம் நிலைப் பதிப்பு மூலத்தின் எட்டில் ஒரு பங்கு அளவுதான். சம்பவங்கள் தங்குகின்றன, கிண்டல் பெரும்பாலும் காணாமல் போகிறது. இதற்குப் புத்தகத்துக்குள் மருந்து இல்லை, ஆசிரியர்தான் கொடுக்க வேண்டும். எளிய பதிப்பில் ஒரு காட்சியைப் படித்து முடித்த பிறகு, அதே காட்சியின் மூலப் பத்தி ஒன்றை, 80 முதல் 120 சொல் வரை, பலகையில் காட்டுங்கள். கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் பயம் இருக்காது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: எளிய பதிப்பு எதை வெட்டியது? வரிசையை மாற்றி மூலத்தை முதலில் காட்டினால் காரியம் கெட்டது.

அந்த நாவல் 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை 36 வாரத் தவணைகளாக வெளியானது. வாசகரை அடுத்த வாரம் வரை பிடித்து வைக்கவே பல அத்தியாயங்கள் முறுக்கான இடத்தில் நிற்கின்றன. வகுப்பிலும் அங்கேயே நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று இரண்டு வரி எழுத வைக்கலாம். பின்பக்கப் பயிற்சிகளில் உள்ள சரியா தவறா வகைக் கேள்விகளைவிட இது எவ்வளவோ மேல். அந்தப் பயிற்சிகளில் வாசிப்புக்கு முந்தையவை மட்டும் பயன்படும், மற்றவை படித்தாரா என்று சோதிப்பதோடு நின்றுவிடுகின்றன.

இதே தொடரைச் சார்ந்து ஆக்ஸ்போர்டு முன்வைக்கும் வாசிப்பு வட்டம் உண்மையிலேயே நல்ல சரக்கு. ஒரே கதையைப் படித்துவிட்டுச் சிறு குழுவாக உட்கார்ந்து பேசுவதுதான் அது. ஆறு பேர், ஆறு பொறுப்பு: உரையாடலை நடத்துபவர், சுருக்கம் சொல்பவர், வாழ்க்கையோடு இணைப்பவர், சொல் தேடுபவர், பத்தி தேர்பவர், பண்பாட்டு வேறுபாடு பார்ப்பவர். பழுதாகும் இடங்களும் தெரிந்தவையே. சுருக்கம் சொல்பவர் பின்னட்டையை ஒப்பிப்பார். சொல் தேடுபவர் கதைக்கு ஒட்டாத, நீளமான சொல்லாகப் பார்த்து எடுப்பார். நடத்துபவர் ‘ஆம், இல்லை’யில் முடியும் கேள்வியாகக் கேட்பார். எல்லாருடைய தாளிலும் பக்க எண்ணைக் கட்டாயமாக்கினால் முதல் இரண்டும் பெருமளவு நின்றுவிடும். மூன்றாவதற்கு, ஒவ்வொரு கேள்வியும் ‘ஏன்’ அல்லது ‘எப்படி’யில் தொடங்க வேண்டும் என்ற விதி போதும். ஐவர்தான் இருந்தால் பண்பாட்டுப் பொறுப்பை விட்டுவிடலாம். ஒவ்வொரு அமர்வுக்கும் பொறுப்பைச் சுழற்றுங்கள், இல்லையென்றால் நன்றாகப் பேசும் ஒருவரே ஐந்து அமர்விலும் நடத்துநராக உட்கார்ந்திருப்பார்.