அம்மா வீட்டு ஜன்னலின் இரண்டாவது பல்

இந்த மார்கழியில் மூன்று வாரம் கும்பகோணத்தில் இருந்தேன். ரயில் நேரத்துக்கு வந்தது, பேங்க் வேலை ஒரே நாளில் முடிந்தது, அம்மாவின் கண் பரிசோதனையும் நல்லபடியாக ஆயிற்று. அவற்றைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. நான் எழுத வந்தது ஒரு ஜன்னல் கைப்பிடியைப் பற்றி. மூன்று வாரத்தில் பதினோரு நாள் அதற்குத்தான் போனது.

வந்த அன்று இரவு கூடத்தில் பாய் விரிக்கும்போதுதான் கவனித்தேன். ஜன்னல் கதவை நீல நைலான் கயிறு போட்டுக் கம்பியோடு கட்டி வைத்திருந்தது. கேட்டேன்.

"கைப்பிடி ஒடஞ்சு போச்சு பாப்பா. சித்திரையிலயே ஒடஞ்சது."

எட்டு மாதம். வாரத்துக்கு இரண்டு தடவை வீடியோவில் பேசுகிறோம். அம்மா போனை அந்த ஜன்னல் திட்டில்தான் சாய்த்து வைப்பாள். அதனால் கூடம் முழுக்க என் கண்ணில் படும், அந்த ஜன்னல் மட்டும் படாது. ஐப்பசி அடைமழையில் சாரல் உள்ளே வந்து கட்டில் கால் வரைக்கும் நனைந்திருக்கிறது. அதையும் சொல்லவில்லை. "நீ அங்கேருந்து என்ன பண்ணப் போற?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

எங்கள் வீடு 1974இல் அப்பா கட்டியது. மர ஜன்னல் இல்லை, இரும்புச் சட்டத்தில் கண்ணாடி வைத்துப் பட்டி அடைத்த ஸ்டீல் ஜன்னல். அந்தக் காலத்து வீடுகளில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கீழே மூன்று ஓட்டை போட்ட ஒரு நீளக் கம்பி, கதவை எவ்வளவு திறந்து நிறுத்த வேண்டுமோ அந்த ஓட்டையை முளையில் மாட்டுவோம். நடுவில் பித்தளைக் கைப்பிடி. அந்தக் கைப்பிடியின் மூக்கில் இரண்டு பல் உண்டு. முதல் பல்லில் மாட்டினால் கதவு இறுக்கமாக மூடிக்கொள்ளும். இரண்டாவது பல்லில் மாட்டினால் ஒரு விரல் இடைவெளி விட்டு, ஆடாமல் அசையாமல் நிற்கும். காற்று வரும், மழை வராது, பூனையும் வராது. அப்பா தினமும் இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு அந்த ஜன்னலை இரண்டாவது பல்லில் மாட்டிவிட்டுத்தான் படுப்பார். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு அந்த வீட்டில் தூக்கம் வரும்.

ஐம்பது வருஷம் தேய்ந்து தேய்ந்து மூக்கு மெலிந்து, ஒரு நாள் அம்மா கொஞ்சம் அழுத்தித் திருப்பியதில் முறிந்துவிட்டது. உடைந்த பாகத்தை அம்மா தூக்கி எறியவில்லை. அஞ்சறைப் பெட்டியின் மூடிக்குள் ஒரு தாளில் மடித்து வைத்திருந்தாள்.

நான் பத்தொன்பது வருஷமாக ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் இருக்கிறேன். அங்கே எங்கள் வாடகை வீட்டில் ஒரு கைப்பிடி போன வருஷம்தான் தளர்ந்து போனது. ஒப்பந்தப்படி இந்த மாதிரிச் சின்னப் பழுதுச் செலவு, அதாவது கை அடிக்கடி படுகிற சாமான்களின் செலவு, ஒரு வரம்பு வரைக்கும் குடியிருப்பவர்களுடையது. சரி என்று நானே கடைக்குப் போனேன். அந்த ஊரில் ஜன்னல் கைப்பிடிக்கு அளவு பெரும்பாலும் ஒன்றுதான்: இரண்டு திருகாணிக்கும் இடையே 43 மில்லிமீட்டர், உள்ளே போகிற சதுரக் கம்பி 7 மில்லிமீட்டர். அந்தக் கம்பியின் நீளத்தை மட்டும் அளந்துகொண்டு போனால் போதும். கைப்பிடிக்குக் கீழே இருக்கும் மூடியை 90 டிகிரி திருப்பினால் திருகாணி தெரியும். கழற்றி, மாட்டி, பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. பன்னிரண்டு யூரோ. யார் எந்தக் கம்பெனி ஜன்னல் போட்டிருந்தாலும் பொருந்தும்.

அந்த நினைப்பில்தான் மறுநாள் காலை பெரிய கடைத் தெருவுக்குக் கிளம்பினேன். மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டும் போனேன்.

நான்கு ஹார்டுவேர் கடை. முதல் கடையில் பையன் உடைந்த துண்டைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "அக்கா, இதெல்லாம் இப்ப வர்றதே இல்ல." இரண்டாவது கடையிலும் அதே பதில். மூன்றாவது கடையில் ஒரு அலுமினியக் கைப்பிடி எடுத்துக் காட்டினார்கள். அதற்கு ஒரே மூக்கு. இரண்டாவது பல் இல்லையே என்றேன். "எதுக்குக்கா அது, மூடுனாப் போதாதா?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தப் பையன் மேல் இல்லை. அவர் பிறந்ததே இந்த ஜன்னல்கள் வழக்கொழிந்த பிறகுதான். ஐம்பது வருஷம் ஒரு ஊரே தினமும் தொட்டுப் புழங்கிய சாமானுக்கு அந்த ஊர்க் கடையில் பெயர்கூட இல்லாமல் போய்விட்டதே என்பதில்தான் கோபம். நாலாவது கடைக்காரர் வயதானவர். துண்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "எங்க வீட்லயும் இதுதாம்மா இருந்துச்சு" என்றார். இருந்தது. இப்போது இல்லை. மாற்றிவிட்டாராம்.

அப்புறம் இணையத்தில் தேடினேன். பித்தளை, இரண்டு பல், படத்தில் அச்சு அசல் அதே. நாலு நாளில் வந்தது. பிரித்துப் பார்த்தால் வலக்கைக்கானது. இந்தக் கைப்பிடியில் இடம் வலம் உண்டு. இரட்டைக் கதவில் ஒன்றுக்கு மாட்டுவதை இன்னொன்றுக்கு மாட்ட முடியாது, மூக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும். விற்பனைப் பக்கத்தில் எந்தப் பக்கம் என்று எங்கேயும் போடவில்லை. திருப்பி அனுப்பினேன்.

அதற்குள் தெரிந்தவர் ஒருவர் ஒரு ஃபிட்டரின் நம்பரைக் கொடுத்திருந்தார். உடைந்த மூக்கையே பற்றவைத்துத் தருவார் என்றார். பேசினேன். "நாளைக்குப் பத்து மணிக்கு வந்துர்றேன் மேடம்." வரவில்லை. பதினொன்றுக்குப் போன் செய்தால், "இதோ கெளம்பிட்டேன்." சாயங்காலம் வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தேன். இரண்டாம் நாளும் இதே. மூன்றாம் நாள் போனையே எடுக்கவில்லை. ஜெர்மனியில் ஆள் கூப்பிட்டால் ஆறு வாரம் கழித்துத்தான் தேதி கிடைக்கும், அது தனி எரிச்சல். ஆனால் செவ்வாய்க்கிழமை எட்டு மணி என்றால் எட்டு மணிக்கு மணி அடிக்கும். வர முடியாது என்றால் சொல்லிவிட வேண்டியதுதானே? எழுபத்தெட்டு வயது அம்மா, ஆள் வரப்போகிறது என்று மூன்று நாளும் காபிக்குப் பால் எடுத்து வைத்துக் காத்திருந்தாள்.

சொன்ன நேரத்துக்கு வந்தவர் ஒருவர்தான், யூபிவிசி என்கிற பிளாஸ்டிக் ஜன்னல் போடுகிறவர். நான் விலை விசாரித்த ஒரு மணி நேரத்தில் வந்து நின்றார். அளந்தார். பதினாறு சதுர அடி, சதுர அடிக்கு 750 ரூபாய், ஆக 12,000. சுவரை இடித்துப் பூசும் கூலி தனி. தள்ளுகிற மாதிரி இரண்டு கதவு, ஒரு நேரத்தில் பாதி ஜன்னல்தான் திறக்கும். "எல்லா ஜன்னலையும் சேர்த்துப் போட்டா ரேட்டு கொறைச்சுத் தர்றேன் மேடம், நீங்க வெளிநாட்ல இருக்கீங்க, அம்மாவுக்குத் தொல்லை இல்ல பாருங்க." மரியாதையான மனிதர், வேலையும் நன்றாகவே செய்வார் என்று தோன்றியது. ஆனால் அந்த இரும்புச் சட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை. கீல் எண்ணெய் போட்டது போலத் திரும்புகிறது. உள்ளங்கை அகலப் பித்தளைத் துண்டு ஒன்று உடைந்ததற்குச் சுவரை ஏன் இடிக்க வேண்டும்?

அன்று ராத்திரி அம்மா விளக்கைத் துடைத்துக்கொண்டு இருந்தாள். பாதம், தண்டு, அகல், மேலே அன்னம் என்று தனித்தனியாக மரை கழற்றிப் புளி போட்டுத் தேய்ப்பது அவள் வழக்கம். அன்னத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள்: "இதப் பண்றவங்க அதப் பண்ண மாட்டாங்களா? நாச்சியார்கோயில்ல கேட்டுப் பாரேன்."

எனக்கு இது தோன்றவே இல்லை. கடையில் கிடைக்குமா என்றே தேடிக்கொண்டு இருந்தேன். செய்து தருவார்களா என்று யோசிக்கவில்லை.

நாச்சியார்கோயில் கும்பகோணத்திலிருந்து 10 கிலோமீட்டர், திருவாரூர் போகும் சாலையில். குத்துவிளக்குக்குப் பேர்போன ஊர். சின்ன வயதில் அந்த ஊர்ப் பெருமாள் கோயில் கல் கருடனைச் சேவிக்கப் போவோம், திரும்பும்போது பட்டறைகளிலிருந்து பித்தளையை அரம் போட்டு ராவும் சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். இப்போது அந்தச் சத்தம் குறைந்துவிட்டது, ஆனால் நிற்கவில்லை. இரண்டு கடையில் சில்லறை வேலை எடுப்பதில்லை என்றார்கள். மூன்றாவது கடைக்காரர் பின்பக்கம் இருந்த பட்டறைக்கு அனுப்பினார்.

அங்கே ஒரு பெரியவர். உடைந்த இரண்டு துண்டையும் வாங்கிச் சேர்த்துப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "ரெண்டாவது பல்லு எவ்வளவு தேஞ்சிருக்கு, தெரியுமாம்மா? புதுசுல இதைவிட ஒசரமா இருந்திருக்கும்."

இத்தனை நாளில் அந்தப் பல்லைப் பற்றித் தானாகப் பேசிய முதல் மனிதர் அவர்தான். கண் கலங்கிவிட்டது எனக்கு.

அடுத்ததாக, சட்டத்தில் இருக்கும் பித்தளைத் தகட்டைக் கொண்டுவந்தாயா என்றார். கைப்பிடியின் மூக்கு போய் மாட்டுகிற தகடு. போனில் படம் காட்டினேன். படம் உதவாது, அதுவும் தேய்ந்திருக்கும், அதில் வைத்துப் பார்க்காமல் புதுசு செய்தால் கதவு ஆடும் என்றார். நான் திரும்பி வந்து, துருப்பிடித்த திருகாணிகள் மேல் மண்ணெண்ணெய்த் துணியை ராத்திரி முழுக்கச் சுற்றி வைத்து, காலையில் தகட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு மறுபடி போனேன்.

அவர் வேலை செய்ததைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். உடைந்த துண்டுகளை ஒட்டி, தேய்ந்த இடமெல்லாம் மெழுகு வைத்துப் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்தார். அதற்கு மேலும் ஒரு பூச்சு மெழுகு. ஏன் என்று கேட்டேன். உருக்கி ஊற்றிய பித்தளை ஆறும்போது சுருங்கும், அப்புறம் அரம் போட்டு ராவும்போது இன்னும் கொஞ்சம் போகும், அதனால் மாதிரி சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும் என்றார். இரண்டு பாதியாக இருக்கும் பெட்டியில் வண்டல் மண்ணை இடித்து நிரப்பி, மாதிரியை அழுத்தி எடுத்து, வாய்க்கால் வெட்டி மூடினார். அன்றைக்கு அன்னங்கள் வார்க்கிற நாள். ஏழு அன்னத்தோடு எட்டாவதாக என் கைப்பிடி. உருக்குகிற மூசையிலிருந்து பித்தளை இறங்கியபோது பட்டறையில் யாரும் பேசவில்லை.

மறுநாள் அவருடைய மகன் வண்டியில் வந்தார். ஒன்பது மணி என்றார், ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் முன்னால் வந்தார். தகட்டை மாட்டி, கைப்பிடியை ஆணி கோத்து அடித்து, மூக்கை நாலு தடவை ராவி, மாட்டி, மறுபடி ராவி, முக்கால் மணி நேரம். வார்ப்புக்கு 650, மாட்டுகிற கூலி 250. ஆக 900 ரூபாய். ஸ்டுட்கார்ட் கணக்கில் பார்த்தால் ஒரு ஆள் வீட்டு வாசல் வரைக்கும் வந்து போகிற செலவுக்குக்கூட அது போதாது. கூடக் கொடுத்தேன், வாங்கவில்லை. அம்மா போட்ட காபியைக் குடித்தார்.

அவரிடம் இன்னும் நாலு செய்யச் சொல்லியிருக்கிறேன், இடத்துக்கு இரண்டு, வலத்துக்கு இரண்டு. மற்ற ஜன்னல்களிலும் மூக்கு மெலிந்துதான் இருக்கிறது. இதே மாதிரி ஜன்னல் இருக்கிற வீட்டுக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: உடைந்த துண்டைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அதுதான் மாதிரி. சட்டத்துத் தகட்டையும் சேர்த்துக் கழற்றிக்கொண்டு போங்கள்.

நான் கிளம்புவதற்கு முந்தின இரவு மழை. பத்து மணிக்கு அம்மா விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போனாள். இருட்டில் 'டக்' என்று கேட்டது. அந்த நீலக் கயிறு கொல்லைப்புறத்தில் துணி காயப்போடும் கொடியாகிவிட்டது.