ஆறு புறா டாய்லி கிட் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

வட்டமான வெள்ளை டாய்லி ஒன்று, கொக்கி ஊசியால் நூலைப் பின்னிச் செய்யும் குரோஷா மேசை விரிப்பு. நடுவில் ரோஜா இதழ்கள் அடுக்கடுக்காக எழும்பி நிற்கும். ஓரத்தைச் சுற்றி ஆறு புறாக்கள், இப்போதுதான் பறந்து வந்து இறங்கியதுபோல் சிறகை லேசாக விரித்து நிற்கும். இந்தப் படம் உங்கள் போனிலும் வந்திருக்கலாம். நூல், ஊசி, எப்படிப் பின்னுவது என்று எழுதிய பேட்டர்ன் மூன்றும் சேர்த்து 1,299 ரூபாய் என்று கீழே போட்டிருப்பார்கள். நான் வாங்கினேன். நீங்கள் வாங்க வேண்டாம். ஏன் என்று விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதே ஆட்கள் வேறு பெயரில், வேறு பறவையோடு மறுபடியும் வந்திருக்கிறார்கள்.

எனக்குப் பாளையங்கோட்டை. எட்டாம் வகுப்பில் தையல் வகுப்பு எடுத்த சிஸ்டர்தான் முதன்முதலில் கையில் குரோஷா ஊசியைக் கொடுத்தார். அன்றிலிருந்து முப்பது வருஷத்துக்கு மேலாகப் பின்னுகிறேன். டி.வி. மேல் போடும் துணி, டீப்பாய் விரிப்பு, சர்ச் பீடத்தில் விரிக்கும் ஆல்டர் துணிக்கு ஓர லேஸ், எல்லாம் பின்னியிருக்கிறேன். சனிக்கிழமைகளில் நாலைந்து பிள்ளைகள் வீட்டுக்கு வந்து கற்றுக்கொள்கிறார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இவ்வளவு வருஷம் பின்னியவளே ஒரு படத்தைப் பார்த்து ஏமாந்தேன் என்றால், போன மாதம் ஊசி பிடித்தவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆகஸ்டில் மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். கேக் மேசையில் போட ஒரு நல்ல டாய்லி என் கையாலேயே பின்ன வேண்டும் என்று ஆசை. தட்டையான டாய்லி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பறவை எழும்பி நிற்கும் டாய்லி மட்டும் பின்னியதில்லை. அதனால் ஜூன் முதல் வாரம் அந்த விளம்பரத்தைப் பார்த்ததும் யோசிக்கவே இல்லை. "நரசாபுரம் பெண்களின் கைவேலை" என்று வேறு எழுதியிருந்தார்கள். ஆந்திராவின் நரசாபுரம் குரோஷா லேஸுக்கு எவ்வளவு நல்ல பெயர் என்பது இந்த வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும். 2024-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பெயரைப் பார்த்ததும் நம்பிக்கை வந்துவிட்டது. யுபிஐ-யில் பணம் அனுப்பினேன்.

பார்சல் வர பதினெட்டு நாள் ஆனது. ஐந்து நூல் உருண்டை, ஒரு ஊசி. பேட்டர்ன் வாட்ஸப்பில் நாலு பக்கம் பிடிஎஃப்.

நூலைத் தொட்டதுமே கை ஏதோ சொன்னது. விளம்பரத்தில் "20-ஆம் நம்பர் மெர்சரைஸ்டு காட்டன்" என்று இருந்தது. மெர்சரைஸ்டு என்றால் பருத்தி நூலை இழுத்துப் பிடித்துக் காஸ்டிக் சோடாக் கரைசலில் பதப்படுத்துவது. அதனால்தான் அதற்கு அந்த அமைதியான மினுமினுப்பு. இந்த நூலும் மினுங்கியது, ஆனால் வழுக்கியது. ஒரு சாண் வெட்டி, இடுக்கியில் பிடித்து, சிங்க்குக்கு மேல் வைத்துத் தீக்குச்சி காட்டினேன். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் தொட்டால் பொடியாகும். இது சுருண்டு உருகி, கடுகளவு கறுப்பு மணியாக இறுகிவிட்டது. பாலியஸ்டர்.

பாலியஸ்டராக இருந்தால் என்ன, பின்னத்தானே போகிறோம் என்று சிலர் நினைக்கலாம். மற்ற டாய்லிக்குச் சரி. பறவை நிற்க வேண்டிய டாய்லிக்கு முடியாது. சிறகும் வாலும் நிற்பது கஞ்சியால். அந்தக் காலத்தில் சர்க்கரைப் பாகில் முக்கிக் காயவைப்பார்கள். நம் ஊரில் எறும்பு விடாது, மழைக்காலத்தில் பிசுபிசுத்துத் தொங்கிவிடும் என்பதால் எங்கள் அம்மா ஜவ்வரிசிக் கஞ்சிதான் போடுவார். இப்போது நான் வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்துப் பூசுகிறேன். எதைப் பூசினாலும் நூல் உள்ளே குடித்தால்தான் விறைப்பு வரும். பருத்தி குடிக்கும். பாலியஸ்டரில் மேலாக ஒட்டிக் காய்ந்து செதில் செதிலாக உதிரும். அனுப்பிய ஊசியோ 3.5 மில்லிமீட்டர், கம்பளி நூலுக்கானது. 20-ஆம் நம்பர் நூலுக்கு 1.25 மில்லிமீட்டர் போன்ற மெல்லிய ஸ்டீல் ஊசி வேண்டும். 3.5-இல் பின்னினால் மீன் வலைதான் வரும்.

சரி, நூலும் ஊசியும் வீட்டிலேயே இருக்கின்றன, பேட்டர்ன் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கேதான் உண்மையான ஏமாற்று.

தட்டையான வட்டத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது, பின்னுகிற எல்லாருக்கும் தெரியும். டபுள் குரோஷே என்ற பின்னலில் (அமெரிக்கப் பெயரில் சொல்கிறேன்) 12 ஸ்டிட்ச் போட்டு ஆரம்பித்தால் ஒவ்வொரு சுற்றுக்கும், அதாவது ரவுண்டுக்கும், 12 கூட்ட வேண்டும்: 12, 24, 36, 48. குறைந்தால் கிண்ணமாகக் குவியும், கூடினால் ஓரம் அலை அடிக்கும். இந்தப் பேட்டர்னில் மூன்றாவது ரவுண்டு "ஒன்றில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, 12 முறை, மொத்தம் 30" என்று இருந்தது. 12 முறை செய்தால் 36 வரும். அச்சுப் பிழை என்று நினைத்து 36-ஓடு போனேன். நாலாவது ரவுண்டு: "இரண்டு சாதாரணம், ஒன்றில் இரண்டு, 10 முறை, மொத்தம் 48." ஒரு முறைக்கு மூன்று ஸ்டிட்ச் செலவாகி நாலு கிடைக்கும்; 10 முறைக்கு 30 ஸ்டிட்ச்தான் செலவாகும், 40 தான் கிடைக்கும். கையில் ஆறு ஸ்டிட்ச் அனாதையாக மிஞ்சி நிற்கிறது. அதையும் நானே 12 முறை என்று திருத்திக்கொண்டேன்.

இரண்டாம் பக்கத்தில் டபுள் குரோஷே என்ற சொல்லே வேறு அர்த்தத்துக்கு மாறிவிட்டது. அமெரிக்கக்காரர்கள் சிங்கிள் குரோஷே என்பதைத்தான் பிரிட்டிஷ் முறையில் டபுள் என்பார்கள். கான்வென்டில் படித்தவர்கள் பழைய பிரிட்டிஷ் பெயர்களில் கற்றிருப்போம், வீடியோ பார்த்துக் கற்றவர்களுக்கு அமெரிக்கப் பெயர்தான் பழக்கம். இரண்டில் எது என்று ஒழுங்கான டிசைனர் முதல் வரியிலேயே சொல்லிவிடுவார். இங்கே ஒரே பேட்டர்னில் இரண்டும் கலந்து கிடக்கிறது. எங்கெங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

ரோஜாவுக்கு "இதழ்களை எழுப்பவும்" என்று ஒரே வரி. ஐரிஷ் குரோஷேயில் இதழ் எப்படி எழும்புகிறது? முதல் அடுக்கு இதழ்களுக்குப் பின்னால் செயின் வளையங்கள் போட்டு, அந்த வளையத்தில் அடுத்த அடுக்கைப் பின்ன வேண்டும். இதை எழுதாமல் ரோஜா இல்லை. புறாவின் உடம்புக்கு வந்தால், 24 ஸ்டிட்ச் இருக்கும் இடத்தில் "12 முறை குறைக்கவும், மொத்தம் 18." 24-ஐ 12 முறை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 12 தான் மிஞ்சும். அப்புறம் "சிறகுகளை இணைக்கவும்." எந்தச் சிறகு? நாலு பக்கத்தையும் மூன்று முறை தேடினேன். சிறகுக்குப் பேட்டர்னே இல்லை. அலகுக்கு "படத்தில் உள்ளபடி".

படத்தில் உள்ளபடி என்றதும் போய்ப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. முதல் புறாவுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் ஓர வளைவுகள் ஏழு. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் ஒன்பது. குரோஷாவில் இது நடக்காது. ஒரு பங்குக்கான பின்னலைத்தான் சுற்றிலும் திரும்பத் திரும்பப் போடுகிறோம். எங்காவது ஒன்று தவறினாலும் அடுத்த ரவுண்டிலேயே கை கண்டுபிடித்துவிடும். ஒரு புறாவுக்கு இரண்டு சிறகும் ஒரே பக்கம். இன்னொன்றின் கால் எங்கே முடிகிறது, டாய்லி எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை, மெழுகுபோல் உருகிக் கலந்திருக்கிறது. சில இடங்களில் நூல் ஸ்வெட்டர் பின்னல்போல் 'வி' வடிவில் ஓடுகிறது, சில இடங்களில் சடைபோல். ஒரு நூலைக் கண்ணால் தொடர்ந்தால் நாலு ஸ்டிட்ச் தாண்டி எங்கோ காணாமல் போகிறது. அதே விளம்பரத்தின் இரண்டாவது படத்தில் புறாக்கள் ஐந்துதான்.

இதை எந்தக் கையும் பின்னவில்லை. கம்ப்யூட்டர் வரைந்த ஏஐ படம். இல்லாத பொருளுக்குப் பேட்டர்ன் எப்படி இருக்கும்? நரசாபுரத்துப் பெண்கள் இதைப் பின்னினார்கள் என்று எழுதியிருந்தார்களே, அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. கண் எரிய எரிய உண்மையாகவே பின்னுகிறவர்களின் பெயரை எடுத்து, யாரும் பின்னாத ஒன்றின்மேல் ஒட்டியிருக்கிறார்கள்.

பணம் போனதைவிட எனக்குப் பெரிய வருத்தம் இன்னொன்று. நான் இந்தத் தாள்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம் அண்ணன் மகள் வந்தாள். காலேஜ் முதல் வருஷம். என்னிடம்தான் குரோஷா கற்றாள், ஏப்ரலோடு திடீரென்று விட்டுவிட்டாள். கேட்டால் படிப்பு என்பாள். மேசையில் கிடந்த படத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "இதை நானும் வாங்கினேன் அத்தை. பேட்டர்ன் மட்டும், 199 ரூபாய்" என்றாள்.

அந்த நாலாவது ரவுண்டைப் பதினோரு முறை பிரித்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஆறு ஸ்டிட்ச் மிஞ்சியிருக்கிறது. நூல் பிசிறு பிசிறாகும் வரை பிரித்துவிட்டு, "எனக்கு எண்ணக்கூடத் தெரியல, என் கைதான் சரியில்ல" என்று எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிப் பரணில் போட்டுவிட்டாள். என்னிடம் சொல்ல வெட்கம். நான் ஒரு தாளை எடுத்து, பத்து மூன்று முப்பது, பன்னிரண்டு மூன்று முப்பத்தாறு என்று எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அழுதாள்.

விற்றவர்களுக்கு எழுதினேன். எந்த ரவுண்டில் என்ன தவறு என்று கணக்கோடு, எரித்த நூலின் படத்தோடு. இரண்டு நாள் கழித்து வந்த பதில்: "பிகினர்ஸுக்குக் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும் மேடம். வீடியோ பாத்து ப்ராக்டிஸ் பண்ணுங்க. டிஜிட்டல் பேட்டர்னுக்கு ரிட்டர்ன் கிடையாது." நூலாவது டிஜிட்டல் இல்லையே என்று கேட்டேன். பிளாக் செய்துவிட்டார்கள்.

வங்கியில் கேட்டால், நீங்களே அனுப்பிய பணம், எங்களால் திரும்ப எடுக்க முடியாது என்றார்கள். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். தமிழிலேயே புகாரைச் சொல்லலாம். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, இணையத்தில் விற்கிறவர் தன் சட்டப்பூர்வமான பெயர், முகவரி, குறைதீர்ப்பு அலுவலர் விவரம் எல்லாம் வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சொன்னதற்கு மாறான பொருள் வந்தால் திரும்ப எடுக்க மறுக்கவும் முடியாது. இவர்களிடம் இருந்தது ஒரு வாட்ஸப் எண் மட்டும். பணம் கொடுப்பதற்கு முன் நான் முகவரியைத் தேடியிருந்தால் அங்கேயே நின்றிருப்பேன். புகார் எண் கிடைத்திருக்கிறது, பணம் இன்னும் வரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை, நாம் இருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம், இரண்டு வருஷம் வரை அவகாசம் உண்டு. அதற்கான தாள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். 1,299 ரூபாய்க்கு இவ்வளவா என்று வீட்டில் கேட்கிறார்கள். பதினோரு முறை பிரித்த பிள்ளைக்காகத்தான்.

நீங்கள் வாங்குவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: டாய்லியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? உண்மையாகப் பின்னியவருக்கு அரை நிமிஷ வேலை. பின்பக்கத்தில் நூல் முனை ஒளித்த இடம் தெரியும், பறவையைத் தைத்த தையல் தெரியும். இவர்களிடம் பின்பக்கமே இருக்காது. நூல் நம்பர், ஊசி அளவு, முடித்த டாய்லி எத்தனை செ.மீ. என்ற மூன்றும் பேட்டர்ன் விவரத்தில் இருக்கிறதா பாருங்கள். ஒழுங்கான டிசைனர்கள் வெளியிடும் முன் நாலைந்து பேரிடம் கொடுத்துப் பின்னச் சொல்லிப் பார்ப்பார்கள். அவர்கள் பின்னியதன் படங்கள் கோணல்மாணலாக, வீட்டு மேசையில், டியூப்லைட் வெளிச்சத்தில் இருக்கும். அதை நம்புங்கள்.

பின்னி முடித்த டாய்லியையே 250 ரூபாய்க்குத் தருகிறேன் என்று வருவதும் கிட்டத்தட்ட இதே கதைதான். குரோஷாவை நம் கைபோல் போடும் மெஷின் இல்லை. மலிவாக வருவது பெரும்பாலும் மெஷின் எம்பிராய்டரி லேஸ். தூரத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

கல்யாண மேசையில் என் டாய்லி இருந்தது. நடுவில் ரோஜா மட்டும், புறா இல்லை. நேரம் போய்விட்டது. போன வாரம் அதே படத்தில் புறாவுக்குப் பதில் கிளிகளை வைத்து, 999 ரூபாய் என்று வேறொரு பக்கத்தில் பார்த்தேன். அதனால்தான் இன்று எழுதுகிறேன்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் நாலாவது ரவுண்டை 12 முறை என்று மாற்றிக்கொள்ளுங்கள். புறாவின் உடம்புக்கு நான் போட்டுப் பார்த்த கணக்கு இது, எல்லாம் அமெரிக்க சிங்கிள் குரோஷே, சுழலாகப் போக வேண்டும்: மேஜிக் ரிங்கில் (இழுத்து இறுக்கும் ஆரம்ப வளையம்) 6, பிறகு 12, 18, 24. அப்படியே 24-இல் ஐந்து ரவுண்டு. அடுத்து இரண்டு சாதாரணம் ஒரு குறைப்பு, 6 முறை, 18. இங்கே பஞ்சு வையுங்கள். ஒன்று சாதாரணம் ஒரு குறைப்பு, 6 முறை, 12. ஆறு குறைப்பு, 6. இழுத்து முடி போடுங்கள். சிறகை அண்ணன் மகளும் நானும் இப்போது போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சரியாக வந்ததும், பின்பக்கப் படத்தோடு இங்கேயே போடுகிறேன்.