ஐபிடேபிள்ஸா, என்எஃப்டேபிள்ஸா: வீட்டு ரௌட்டரில் கோளாறு தேடும்போது

லினக்ஸில் ஓடும் வீட்டு ரௌட்டருக்கு இணையம் வருகிறது. பின்னால் இருக்கும் கணினிகளுக்கு வரவில்லை. ஃபயர்வாலைத் தொடும் முன் லினக்ஸின் மையமான கர்னலில் ஐபி ஃபார்வர்டிங் மதிப்பைப் பாருங்கள்; ஒரு பக்கம் வந்த பாக்கெட்டை (தரவுத் துண்டை) மறுபக்கம் கடத்தலாமா என்பதை அதுதான் சொல்கிறது. அது 0 என்றால் எந்தக் கருவியும் உதவாது.

1 என்றால் ஃபயர்வால் விதிகளைப் பார்க்கலாம். அவற்றை எழுதும் கருவிகள்தான் ஐபிடேபிள்ஸும் என்எஃப்டேபிள்ஸும். 2001இல் லினக்ஸ் 2.4 உடன் வந்த ஐபிடேபிள்ஸில் விதிதோறும் பாக்கெட் எண்ணிக்கை தானாகவே ஏறும். கைபேசியில் ஒரு பக்கத்தைத் திறந்தபடி உள்கணினிகளின் முகவரியை ரௌட்டரின் முகவரியாக மாற்றும் மாஸ்கரேட் விதியைக் கவனிப்பேன். எண்ணிக்கை அசையவில்லையா? பாக்கெட் அங்கே வரவே இல்லை, அல்லது விதியில் எழுதிய வெளிப்புற இடைமுகத்தின் (இணையப் பக்கத்து இணைப்பின்) பெயர் தவறு. (மாஸ்கரேட் விதி இருக்கும் நேட், அதாவது முகவரி மாற்ற, அட்டவணையில் ஒவ்வோர் இணைப்பின் முதல் பாக்கெட் மட்டுமே எண்ணப்படும், எண் சிறியதாக இருந்தால் பதற வேண்டாம்.) தொல்லை என்னவென்றால், வெறுமனே பட்டியல் கேட்டால், அனுமதி, தடை விதிகள் கொண்ட ஃபில்டர் அட்டவணை மட்டுமே தெரியும். நேட்டைத் தனியாகக் கேட்க வேண்டும்; ஐபிவி6க்கு வேறு கட்டளை.

2014இல் 3.13 கர்னலில் சேர்ந்த என்எஃப்டேபிள்ஸ் தன் விதிகள் அனைத்தையும் ஒரே கட்டளையில் காட்டிவிடும். எண்ணிக்கை வேண்டுமானால் விதியிலேயே கவுன்டர் எழுதியிருக்க வேண்டும் என்பது குறைதான். ஆனால் அதன் ட்ரேஸ் வசதி அருமை! ஒரு பாக்கெட் எந்தெந்த விதியைக் கடந்தது, எங்கே மடிந்தது என்று வரி வரியாகச் சொல்கிறது. இதற்காகவே நான் மாறினேன்.

இரண்டையும் கலக்காதீர்கள். ஒன்று அனுமதித்த பாக்கெட்டை மற்றொன்று வீழ்த்திவிடும்.

சிறிய பக்கங்கள் திறந்து பெரியவை பாதியில் நின்றால், பிபிபிஓஇ (பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) இணைப்பின் 1492 பைட் எம்டியூவை, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை, சந்தேகியுங்கள். எம்எஸ்எஸ் அளவைக் (ஒரு டிசிபி பாக்கெட்டில் அடங்கும் தரவின் உச்ச அளவை) குறைக்கும் விதி இரண்டிலுமே ஒரு வரிதான்.